பின்னட்டையில் ஒரு டெல்லி நம்பர்

என் சிறுகதைகளை நானே புத்தகமாகப் போட்டபோது, டெல்லிக்கு எழுதி, நூலுக்குரிய ஐ.எஸ்.பி.என். எண் வாங்கினேன். வந்துசேர நான்கு மாதம் ஆயிற்று. பத்து இலக்கம். அதை ஒரு சீட்டில் எழுதி, பின்னட்டையில் போடச் சொல்லி, திண்டுக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் கொடுத்தேன்.

புத்தகக் கட்டைப் பிரித்தால், எண்ணுக்கு முன்னால் 'போன்' என்று அச்சாகியிருந்தது.

"எங்க வீட்ல போனே கெடையாதேய்யா" என்றேன்.

"டெல்லி நம்பர்னு சொன்னீக. அம்புட்டு நீளமா இருக்கவும் போன்னு நெனச்சேன்" என்றார் அச்சகக்காரர்.

ஐந்நூறு பிரதியிலும் அடித்துத் திருத்த எனக்குப் பொறுமையில்லை. அவரைத் திட்டிக்கொண்டே அப்படியே விற்றேன்.

வந்த ஒரே வாசகர் கடிதம் ஒட்டன்சத்திரத்திலிருந்து. மூன்று நாள் டிரங்க் கால் போட்டும் லைன் கிடைக்கவில்லையாம். "கதைகளைப் பத்தி போன்லயே பேசிக்கலாமுங்க" என்று முடித்திருந்தார்.