மூன்று வாரத்து ஊசியும் தினசரி கேப்ஸ்யூலும்

புது மருந்து கைக்கு வந்தால் எந்த மெடிக்கல் ரெப்புக்கும் கால் தரையில் நிற்காது. எனக்கும் போன மாதம் அப்படித்தான்! ஆண்களுக்கான ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன்... இனி ஊசி வேண்டாம், விழுங்கினால் போதும்!

கொச்சி மட்டாஞ்சேரியில் டாக்டர் ஒருவரிடம் மூச்சு விடாமல் பேசினேன். எண்ணெய் ஊசி வலிக்கும். பழைய மாத்திரை ஈரலுக்கு ஆகாது. தோலைக் கீறி உள்ளே வைக்கும் வில்லைக்கு இங்கே யார் சம்மதிப்பார்கள்?

"எங்க கேப்ஸ்யூலுக்குப் பெரிய மார்க்கெட் இருக்கு, டாக்டர்!"

"மார்க்கெட் இருக்கட்டேடோ," என்றார் அவர். "ஆள் எவிடே? இந்தக் குறையை எவன் வாய் திறந்து சொல்லும்?"

எனக்குத் தெரிந்தது ஒரே ஆள். சுள்ளிக்கல்லில் என் பக்கத்து வீட்டு சேது. ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில், மிளகுக் கிடங்கில் சூப்பர்வைசர். பதினாறு வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி விரைகளைத் தாக்கி, ஹார்மோன் சுரப்பையே நிறுத்திவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. முதல் வாரம் மூட்டையைத் தானே தூக்குவான். மூன்றாவது வாரம் நாற்காலியை விட்டு எழ மாட்டான், தொட்டதற்கெல்லாம் சண்டை.

அவனை அந்த டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் கேப்ஸ்யூல் எழுதினார். காலையும் மாலையும், சாப்பாட்டோடு. விடிகாலையிலேயே லோடு வந்துவிடுவதால் அவன் காலைச் சாப்பாடு கிடங்கில்தான்.

பத்து நாள் கழித்து ஆவலோடு அவன் வீட்டுக்குப் போனேன்.

"ஒழுங்கா சாப்பிட்ட நாள்ல கோபமே இல்லை அண்ணா," என்றாள் அவன் மனைவி லலிதா. "ஆனா முக்கால்வாசி நாள் காலம்பற உள்ளதை முழுங்கறதில்லையாக்கும்!"

ஏன்?

"ஊசின்னா மூணு வாரத்துக்கு ஒருக்கா வெக்கப்பட்டாப் போறும்டா," என்றான் சேது. "இது தெனம் வெக்கப்படணும். கிடங்கிலே எல்லாரும் பாக்கறா."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கம்பெனி புத்தகத்தில் வலி உண்டு, ஈரல் உண்டு. வெட்கம்? ஒரு வரி கிடையாது!

ஆனால் அடுத்த வாரமே ஒன்று நடந்தது. கிடங்கில் சுமை தூக்குபவர்களின் தலைவர் வர்க்கிச் சேட்டன் பார்த்துவிட்டார்.

"எந்தா சேது, ஒளிச்சு விழுங்கறது? வைட்டமினோ?"

சேதுவுக்கு அன்று என்ன தோன்றியதோ... எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். பொன்னுக்கு வீங்கி, ஊசி, கேப்ஸ்யூல் — எல்லாவற்றையும்!

ஒருவரும் சிரிக்கவில்லை. வர்க்கிச் சேட்டன் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாராம். சாயங்காலம் வாசலில் காத்து நின்று, மெதுவான குரலில் கேட்டாராம்:

"என்டெ அனியனுக்கு வயசு இருபத்தஞ்சு. தாடி இல்ல, மீசை இல்ல. பெண்ணு பாக்கலாம்னு சொன்னா ஓடிக்களையும். அந்த டாக்டர் எவிடே?"

சேது என் வீட்டுக்கு ஓடி வந்து சொன்னபோது நான் குதித்தே விட்டேன். டாக்டர் கேட்ட ஆள் கிடைத்துவிட்டானே!

சேது, வர்க்கிச் சேட்டன், நான் மூவரும் அந்தத் தம்பியை டாக்டரிடம் கூட்டிப் போனோம். ரத்தப் பரிசோதனையில் அவனுக்கும் அந்த ஹார்மோன் குறைவு என்று தெரிந்தது. காரணத்தை விளக்கிவிட்டு டாக்டர் கேட்டார், "ஊசியோ, கேப்ஸ்யூலோ?"

தம்பிக்கு மீன்பிடி போட்டில் வேலை. நாள்கணக்காகக் கடல். நேரத்துக்குச் சாப்பாடு ஏது?

"ஊசி போதும் டாக்டரே," என்றான் தம்பி. "இன்னைக்கே தொடங்கலாமோ?"

வர்க்கிச் சேட்டன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். சேதுவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

அந்த ஊசி எங்கள் போட்டிக் கம்பெனியுடையது — இருந்துவிட்டுப் போகட்டும்!