கவசமும் சினைக் கிடேரியும்

ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்குச் சர்க்கரை வரும், இரத்தக் கொதிப்பு வரும். எனக்கு ஐரோப்பியப் போர்வீரனின் இரும்புச் சட்டை வந்தது. மின்சார அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற வேலை, தஞ்சாவூருக்கும் பாபநாசத்துக்கும் நடுவே ஒரு ஊரில் வீடு, கொஞ்சம் நிலம். இதில் எதுவும் ஒருவனை எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பாவுக்கு இழுத்துக்கொண்டு போகக் கூடியதல்ல. ஆனாலும் போனேன். மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒருநாள் கைப்பேசியில் யாரோ ஒருவன் கம்பியை வளையம் வளையமாகக் கோத்து முழுச் சட்டையாகப் பின்னுவதைப் பார்த்தேன். இது நம்மால் முடியும் என்று தோன்றியது. என் வாழ்க்கையின் பெரிய சேதங்கள் எல்லாம் இந்த எண்ணத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

கட்டடக்காரர்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பியை ஒரு தண்டில் சுருளாகச் சுற்றி, வெட்டி, வளையமாக்கி, ஒவ்வொன்றையும் நான்கு வளையங்களுக்குள் நுழைத்துப் பின்னிக்கொண்டே போக வேண்டும். சோம்பேறிகள் வளையத்தின் இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்ததோடு விட்டுவிடுவார்கள். நான் விடுவேனா? அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்களோ அப்படியே, முனைகளைச் சுத்தியால் தட்டிச் சப்பையாக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் துளையிட்டு, அதில் குட்டி ஆணி செருகி, குறட்டால் நசுக்கி ரிவிட் அடிப்பேன். 'என் ரிவிட் விடாது' என்று இணையத்தில் ஒரு குழுவில் எழுதினேன். போலந்துக்காரர் ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அன்று முழுவதும் அலுவலகத்தில் யார் பேசியதும் என் காதில் ஏறவில்லை.

"நம்ம ஊர்ல இல்லாத ராஜாவா? சோழர் கவசம் பண்ண வேண்டியதுதானே?" என்று கேட்காத ஆள் இல்லை. நியாயம்தான் என்று பெரிய கோயிலுக்குப் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நான் பார்த்த வரையில் சிற்பத்து வீரர்கள் இடுப்பில் ஒரு துணியும் கையில் ஆயுதமுமாக, மார்பு திறந்தபடி நின்றார்கள். அந்த வேஷத்தைத் துல்லியமாகப் போட நான் எதையும் செய்ய வேண்டியதில்லை, கழற்றினால் போதும். காலையில் மண்வெட்டியோடு மடை பார்க்கப் போகிற எங்கள் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே அந்த வேஷத்தில்தான் இருக்கிறார்கள். என் தொப்பையை வைத்துக்கொண்டு அவர்களோடு போட்டிக்கு இறங்க எனக்குத் தைரியம் இல்லை.

இரும்புச் சட்டையை அப்படியே மாட்டிக்கொள்ள முடியாது. அடியில் பஞ்சு அடைத்துத் தைத்த கனத்த அங்கி ஒன்று வேண்டும். மன்னார்குடியில் மெத்தை தைக்கிற ஒருவரிடம் போனேன்.

"யாருக்கு சார் மெத்தை?"

"எனக்குத்தான்."

"படுக்கவா?"

"இல்ல, போட்டுக்கிட்டு நிக்க."

அவர் அளவு நாடாவை எடுத்தார். அளவு எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

சித்திரை வெயிலில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினேன். எதிர்வீட்டுப் பெரியம்மா தெருவில் போனவர்களைப் பார்த்து, "திருவாரூர்த் தேர் கெளம்பிடுச்சு, ஒதுங்கிக்கங்க" என்றார். முற்றம் வரைக்கும்தான் போனேன். அதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கழற்றுவது இன்னும் கேவலம். இடுப்பை வளைத்துக் குனிந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், என் மனைவி தலைப்பக்கமாகப் பிடித்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இழுத்து முடித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு பொழப்பாங்க?" என்பாள். நான் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவேன்.

மகன் போன வெறுமை அவளுக்கும் இருந்தது. அவள் என்னைப் போல ஐரோப்பாவுக்கெல்லாம் போகவில்லை. திருவையாற்றில் இருக்கிற அக்கா வீட்டிலிருந்து ஒரு செவலைக் கிடேரிக் கன்றை ஓட்டிக்கொண்டு வந்தாள். அது வளர்ந்து இப்போது தலைச்சன் சினை. அதற்குத் தண்ணீர் காட்டும்போதும் சாணி அள்ளும்போதும் வைக்கோல் உதறும்போதும் அதனோடு பேசிக்கொண்டே இருப்பாள். நான் சுத்தியால் தட்டுகிற சத்தத்தில் கொல்லைப்புறத்திலிருந்து அவள் குரல் வருவது தெரியும், என்ன பேசுகிறாள் என்பது தெரியாது. மாட்டோடு பேச அப்படி என்னதான் இருக்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் என் சட்டை துருப்பிடித்தது. அந்தக் காலத்தில் துருவை எடுக்க மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டுவார்களாம், சிலர் தவிடும் போடுவார்களாம் என்று குழுவில் யாரோ எழுதியிருந்தார். தவிடு! உலகத்தில் எது இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் தவிடு இருக்கும். மாட்டுக்கொட்டகையிலிருந்த மூட்டையை எடுத்துவந்து, பிளாஸ்டிக் டிரம்முக்குள் சட்டையையும் தவிட்டையும் போட்டு மூடி, முற்றத்தில் காலால் அரைநாள் உருட்டினேன். எண்ணெய்ப் பசை ஏறிச் சட்டை புதுசு போல வந்தது. அதற்கப்புறம் நான் செய்ததை எங்கள் காவிரிப் பக்கத்து ஆளைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். வேறு ஊர்க்காரன் என்றால் அந்தத் தவிட்டைக் குப்பையில் கொட்டியிருப்பான். நெல் விளைகிற ஊரில் பிறந்தவனுக்குத் தவிட்டைக் கொட்ட மனசு வருமா? கையை விட்டு ஒரு துழாவு துழாவிவிட்டுத் திரும்ப மூட்டையிலேயே போட்டுக் கட்டி, கொட்டகையில் வைத்துவிட்டேன். சல்லடையில் சலிக்கவில்லை. எதற்குச் சலிக்க வேண்டும்? என் ரிவிட்தான் விடாதே.

சில நாட்கள் கழித்து ஒரு காலையில் மனைவி உள்ளங்கையை நீட்டியபடி வந்தாள்.

"ஏங்க, இது உங்களுதா பாருங்க."

ஈரமாக ஒரு வளையம்.

"எங்க கெடந்துச்சு?"

"தொட்டி அடியில. மாடு தவிட்டுத் தண்ணி குடிச்சு முடிச்ச பொறவு பாக்குறேன், கெடக்குது. மூணு நாளா இந்த மூட்டைத் தவிடுதான் கலக்குறேன்."

"வாய்ப்பே இல்ல. என் ரிவிட் விடாது" என்றேன். அந்த வளையம் அவள் கையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஆணி துருத்திக்கொண்டிருந்தது.

கால்நடை மருத்துவமனை டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். சின்ன வயசு, ஸ்கூட்டரில் உடனே வந்துவிட்டார். வளையத்தை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இது ஏன் சார் இப்படிக் கூரா இருக்கு?"

"அந்தக் காலத்து முறை அதுதான் மேடம். அசல்ல எப்படி இருந்துச்சோ அப்படியே..."

"மழமழன்னு வெறும் வளையமா இருந்திருந்தா இவ்வளவு பயப்பட வேண்டாம். இது வயித்துச் சுவத்துல குத்தி நிக்கும். அதுக்குப் பக்கத்துலதான் இதயம். நிறை சினை வேற, அறுத்து எடுக்கவும் யோசிக்கணும்." அவர் என் மனைவியைப் பார்த்தார். "தொட்டியில கெடந்தது போகட்டும். உள்ள எதுவும் போயிருக்கா, இல்லையா? அத மொதல்ல பாருங்க."

சட்டையில் எத்தனை ஓட்டை விழுந்திருக்கிறது என்று எண்ணினால், எத்தனை வளையம் கழன்றது என்று தெரிந்துவிடும். ஆனால் அதைத் தரையில் விரித்தால் வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஓட்டையை மறைத்துவிடும். ஓர் உடம்பில் மாட்டி இழுத்துப் பிடித்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட உடம்பு வீட்டில் ஒன்றுதான் இருந்தது. பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகை வாசலில் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மனைவி தோளிலிருந்து ஆரம்பித்து வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே வந்தாள். எதிர்வீட்டுப் பெரியம்மா தெருவைத் தாண்டி வந்து வேலி ஓரம் நின்றார். வலது அக்குளுக்கு வந்ததும் அவள் விரல் ஓட்டைக்குள் போனது. கிரிக்கெட் பார்த்துக்கொண்டே ரிவிட் அடித்த இடம் அது. விரல் என் விலாவில் பட்டது. எனக்குக் கூச்சம் அதிகம். நான் சிரித்துவிட்டேன்.

அடக்க முடியாத சிரிப்பு. கையைத் தூக்கிக்கொண்டு, அவ்வளவு இரும்பும் குலுங்கக் குலுங்க, அந்த மாடு என்னையே பார்த்துக்கொண்டிருக்க, கெக்கெக்கே என்று சிரித்தேன். மனைவி விரலை எடுத்தாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஓட்டை ஒன்றல்ல. மிச்சத் தவிட்டைச் சலித்ததில் சில வளையங்கள் கிடைத்தன, ஓட்டைக் கணக்குக்கு எல்லாம் கிடைக்கவில்லை; மிச்சம் மாட்டு வயிற்றில்தான் இருக்க வேண்டும். டாக்டரம்மா விரல் நீளத்துக்கு வழவழப்பான ஒரு காந்தத்தை நீளக் குழாயில் வைத்து மாட்டின் தொண்டை வழியாக உள்ளே தள்ளினார். அது ஆயுசுக்கும் வயிற்றிலேயே கிடந்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். திசை காட்டும் கருவியை மாட்டின் நெஞ்சுக்குப் பக்கத்தில் காட்டினார், முள் திரும்பியது. காந்தம் சரியான இடத்துக்குப் போய்விட்டது. வளையங்கள் அதில் ஒட்டினவா, அதற்கு முன்பே எங்காவது குத்திவிட்டனவா என்று அந்த முள்ளுக்குத் தெரியாது. "முன்னங்கால் உசரமா இருக்குற மாதிரி தரைய மேடாக்குங்க. நடக்க விடாதீங்க. முதுகக் குறுக்குனாலோ, முனகுனாலோ, அசை போடுறத நிறுத்துனாலோ உடனே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மண் அள்ளிக் கொட்டி மேடு போட்டேன். பிறகு கொட்டகை மூலையில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்து, மாடு அசை போடுகிறதா என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது. தாடை அசைந்தால் என் மூச்சும் வரும். நின்றால் நிற்கும். சோறு நேரத்துக்கு வந்தது, தண்ணீர் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. ஆனால் அவள் மாட்டோடு பேசுவதை நிறுத்தவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருப்பதே தெரியாத மாதிரி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு பேசினாள். என் சுத்திச் சத்தம் இல்லாமல் அதை நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"தம்பிக்குப் போன மாசம் காய்ச்சல் வந்துச்சுன்னு சொன்னேன்ல, இன்னும் ஒடம்பு தேறலையாம். ரூம வேற மாத்திட்டான். புது ரூம்ல சன்னலே இல்லையாம்டி." தம்பி என்று அவள் சொல்வது எங்கள் மகனை. அவனுக்குக் காய்ச்சல் வந்தது எனக்குத் தெரியாது. ரூம் மாறியதும் தெரியாது. "முட்டி நேத்தும் பிடிச்சுக்கிச்சு, மாடிப் படி ஏற முடியல." முட்டி பிடித்துக்கொள்வது தெரியாது. வளையம் செய்கிற இடம் மாடியில்தான் இருந்தது. இதையெல்லாம் அவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று முதலில் கோபம்தான் வந்தது. சொல்லித்தான் இருப்பாள், நான் 'உம்' கொட்டிக்கொண்டே தட்டிக்கொண்டிருந்திருப்பேன் என்பது அப்புறம் உறைத்தது. இந்த மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் யாரிடம் பேசுவாள் என்று நினைத்தேன். அழுதேன். மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது.

கார்த்திகை கடைசியில் ஒரு விடியற்காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, ஓடியாங்க!"

இத்தனை நாளுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்ட குரல். பிரஷ்ஷோடு ஓடினேன். கன்றின் முன்னங்கால்கள் வெளியே வந்திருந்தன, தலை வர மறுத்தது. டாக்டரம்மா போனில் சொல்லச் சொல்ல, மாடு முக்கும்போது மட்டும் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். ஈரக் கால் வழுக்கியது. இரண்டு வருஷம் குறடு பிடித்த கை எதற்காவது உதவட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். ஒரே வழுக்கில் கன்று என் மடியில் விழுந்தது, நான் சாணியில் விழுந்தேன். கிடேரிக் கன்று. தாய் திரும்பி அதை நக்க ஆரம்பித்தது, நக்குகிற வேகத்தில் என் காதையும் சேர்த்து நக்கியது. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மதியம் டாக்டரம்மா வந்து பார்த்தார். "உள்ள என்ன இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. தின்னுது, அசை போடுது, பால் எறங்கிடுச்சு. அது போதும்" என்றார். எங்களுக்கும் அது போதுமாகத்தான் இருந்தது.

நான் கவசத்தை விட்டுவிடவில்லை. அவ்வளவு திருந்துகிற ஆள் இல்லை. வளையம் செய்கிற இடத்தை மட்டும் மாடியிலிருந்து கீழே கொண்டுவந்தேன். மார்கழியில் ஒரு நாள் முற்றத்தில் உட்கார்ந்து அக்குள் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளேயிருந்து கைப்பேசியோடு வந்து எதிரே நின்றாள். குறட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"தம்பி பொங்கலுக்கு வர்றானாம்."

"எப்ப சொன்னான்?"

"இப்பதான், போன வச்ச கையோட வர்றேன்." கொட்டகைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மாட்டுக்கிட்டகூட இன்னும் சொல்லல."