மண் பொட்டலத்தில் வேப்பிலை

குருவிகுளம் பக்கம் வறண்டு கிடந்த ஒரு குளத்தில் நானும் அப்பாவும் ஆளுயரக் குழி தோண்டி, அடுக்கடுக்காக மண் எடுத்தோம். அந்தக் காலத்து இலைகளின் மெழுகு மண்ணில் அழியாமல் தங்கியிருக்கும். அதைச் சோதித்தால் அப்போது பெய்த மழையை அறியலாம். அதுதான் என் ஆராய்ச்சி. கைகூடப் படாமல் அலுமினியத் தாளில் பொதிந்து, சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் வைத்தேன்.

மறுநாள் காலை ஆய்வகத்துக்குக் கிளம்பும்போது பையில் வேப்பிலை வாசம் அடித்தது. பிரித்துப் பார்த்தால் பொட்டலம் தவறாமல் வேப்பிலை.

"யாருப்பா இதப் போட்டது?"

"நாந்தாம்லே. உளுந்துக்குப் போடுதோம்லா? பூச்சி விழுந்துரக் கூடாதுல்லா."

பச்சை இலையின் மெழுகு ஒட்டினாலே அந்த மண் சோதனைக்கு உதவாது. அன்றைக்குக் கொடுக்காவிட்டால் ஆய்வகக் கருவியில் அடுத்த முறை கிடைக்க இன்னும் ஆறு மாதம் ஆகும். பொறுக்கிவிட்டுக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? பொறுக்கத் தொடங்கினேன். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினார்.

"மண்ணுக்குள்ள அப்படி என்னதாம்லே தேடுத?"

"இலையத்தாம்ப்பா" என்றேன். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. என் பேராசிரியரைப் போனில் அழைத்து உள்ளதைச் சொன்னேன். பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன்.

அவர் மண்வெட்டியை எடுத்தார். "வா, இன்னொரு குழி போடுவோம்."

ஆறு மாதம் போனதுகூடப் பெரிதில்லை. அவர் கேட்கும்வரை என் படிப்பைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.