கம்பளியில் சுற்றிய சம்படம்

எங்கள் சமையலறை அலமாரியில் ஒரு சின்ன எவர்சில்வர் சம்படம் இருக்கிறது. இப்போது அதில் மிளகு. ஒரு காலத்தில் முப்பத்திரண்டு நாள் அது தினமும் ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி, மாலையில் காலியாகத் திரும்பி வந்தது.

தலைச்சோலையில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது வலி வந்துவிட்டது. ஏழு மாதம்கூட நிறையவில்லை. உள்ளூர் ஆஸ்பத்திரியில் பிறந்த மகள் முழங்கை நீளம்கூட இல்லை. முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் அவளைத் துணியில் பொதிந்து, என் நாத்தனார் மடியில் வைத்து, ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. மலை இறங்கினால் தாங்கமாட்டேன் என்று படுக்கவைத்தார்கள். எழுந்து நடக்க ஒரு மாதம் ஆயிற்று. பிள்ளை அங்கே கண்ணாடிப் பெட்டியில், நான் இங்கே கட்டிலில். பெற்றவள் என்ற பேர் மட்டும்தான் எனக்கு இருந்தது.

என்னால் கொடுக்க முடிந்தது பால் ஒன்றுதான். விடிகாலையில் பீய்ச்சி, குளிரில் ஆறிவிடக்கூடாதே என்று சம்படத்தைக் கம்பளித் துண்டில் இறுக்கிச் சுற்றிக் கொடுப்பேன். வீட்டுக்காரர் எடுத்துப்போவார். மாலையில் வந்து, "பூராத்தையும் குடிச்சிருச்சாமா புள்ள" என்பார். காலிச் சம்படத்தைத் திறந்து முகர்வேன், பிள்ளை வாசனை ஒட்டியிருக்காதா என்று. சோப்பு வாசனைதான் அடிக்கும். பைத்தியக்காரி மாதிரி அந்தப் பாத்திரத்தோடு பேசியிருக்கிறேன்.

முப்பத்திமூன்றாம் நாள் நாத்தனார் மகளைக் கொண்டுவந்து என் மாரில் போட்டாள். மகள் திணறித் திணறி, கடைசியில் பற்றிக்கொண்டாள்.

அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் பேச்சுவாக்கில் உண்மை வந்தது. ஆஸ்பத்திரியில் அவள் ஒரு நாள்கூட என் பாலைக் குடிக்கவில்லை. கம்பளிச் சூட்டில் வந்த பாலை நர்ஸ் முதல் நாளே வாங்க மறுத்துவிட்டாராம். ஐஸில் வைத்துக் கொண்டுவரச் சொன்னாராம். எங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் ஐஸுக்கு எங்கே போவது? பிள்ளைக்குத் துணையாக அங்கேயே இருந்த நாத்தனார் தினமும் அதை ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு, சம்படத்தைக் கழுவி அனுப்பியிருக்கிறாள். வீட்டுக்காரரும் கூட்டு. நான் கத்தித் தீர்த்தேன்.

"ஏனுங்க அண்ணி, நெசத்தச் சொல்லியிருந்தா நீங்க பீச்சறதையே உட்டிருப்பீங்க. அப்பறம் பாப்பா ஊட்டுக்கு வரையில மாரு வத்தியில்ல போயிருக்கும்?" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அந்த முப்பத்திரண்டு நாளும் என் பிள்ளைக்கு என்னிடமிருந்து ஒரு சொட்டும் போய்ச் சேரவில்லை என்பதும் சரிதான். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மகள் இப்போது சேலத்தில், தன் குடும்பத்தோடு. மிளகு எடுக்க மூடியைத் திறந்தால் காரம் ஏறித் தும்மல் வருகிறது. அதற்கு முன் ஒரு நொடி, பிள்ளை வாசனையைத் தேடிவிடுகிறேன்.