பதினைந்தாம் நாள் வாங்கிய வண்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலைமேல் இருந்த ஒரு பள்ளிக்கு நான் தினமும் கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து போய்வந்தேன். வீட்டிலிருந்து அடிவாரம் வரை சைக்கிள், அங்கிருந்து பஸ். ஆசிரியர்களுக்கு மணி ஒன்பதரைக்கு. பஸ் நல்ல நாளில் ஒன்பது இருபத்தைந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்படிப்பட்ட நாள் வாரத்தில் இரண்டு வந்தால் அதிகம்; மற்ற நாளில் இறங்கி ஓடி, மணி அடிக்கும்போதுதான் உள்ளே நுழைவேன். தாமதமாக வருபவரின் பெயரைத் தலைமையாசிரியர் பிள்ளைகள் முன்னால் உரக்கப் படித்து, நேரே சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார். ஒரு கல்வியாண்டில் மூன்று கோடு விழுந்தால் நிரந்தர ஆட்களுக்கு மாற்றல், தற்காலிக ஆட்களுக்கு வேலை போயிற்று. எனக்கு ஐப்பசியிலேயே இரண்டு விழுந்துவிட்டன. மாற்றல் வந்தால் கிணற்றையும் இரண்டு ஏக்கரையும் யாரிடமாவது விட்டுவிட்டுப் போகவேண்டும். விட்டால் அவை திரும்பி வராது.

ஆகவே மோட்டார் சைக்கிள் வாங்க முடிவு செய்தேன். விலை குறைவாகவும் வழியில் காலை வாராததாகவும் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் அமைவது அபூர்வம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் யார் சொல்வதையும் கேட்டு வாங்குகிறவன் இல்லை. மழை பெய்த நாள், கிணற்றில் தண்ணீர் இறங்கிய நாள் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுகிற பழக்கம் எனக்குச் சிறு வயதிலேயே உண்டு. அடிவாரத்தில் பஸ்ஸுக்காக நிற்கும் நேரத்தில் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், எந்த வண்டி, எத்தனை பேர், ஓட்டிக்கொண்டு போனார்களா தள்ளிக்கொண்டு வந்தார்களா.

அங்கே பஞ்சர் கடை வைத்திருந்த மெக்கானிக் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா வாத்தியாரே, பொண்ணு பாக்கறவன்கூட இவ்ளோ எழுத மாட்டான்."

"பொண்ணு மலை ஏற வேண்டியதில்லப்பா" என்றேன்.

நோட்டு பல சங்கதிகளைச் சொன்னது. மொபெட் மூன்றாவது வளைவிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும், ஓட்டுகிறவன் இறங்கி விசிறவேண்டும். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் மலைப் பாதையின் சரளைக் கல்லில் வழுக்கும். பெரிய வண்டிகள் ஏறும், ஆனால் நின்றுவிட்டால் ஒற்றை ஆளால் தள்ள முடியாது, விலையும் எட்டாது. நாற்பத்தொரு நாள் குறிப்பில் ஒருமுறைகூடத் தள்ளப்படாத வண்டி ஒன்றே ஒன்றுதான். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் பழைய வண்டி, கறுப்பு டேங்க், பின்னால் தனியாகப் பொருத்திய இருக்கை. மலையில் புளி கொள்முதல் செய்கிற ஒருவருடையது. ஆறு ஐம்பதுக்கு வருவார், டீ குடிப்பார், ஏழுக்குக் கிளம்புவார். பின்னிருக்கையில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பாள். எங்கள் பள்ளியில் தற்காலிக ஆயா. ஒன்பது மணிக்குள் அவள் கதவுகளைத் திறந்து, பெருக்கி, பானையில் தண்ணீர் நிரப்பியாக வேண்டும்.

விற்பீர்களா என்று அவரிடம் கேட்டேன். "நான் செத்தப்புறம் எடுத்துக்கோங்க சார்" என்றார். டீக்கடையே சிரித்தது.

அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆறு ஐம்பத்தாறுக்கு அவர் இறந்தார். ஸ்டாண்டு போட்ட வண்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு டேங்க்மேல் கவிழ்ந்தார். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குள் போயிருந்த மனைவி வெளியே வந்தபோது முடிந்துவிட்டது. நான் பத்தடி தள்ளி நின்றேன். கையில் நோட்டு இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஓர் உயிர் எந்த வண்டிமேல் போனதோ அதைப் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் வாசலைவிட்டு அனுப்பிவிட வேண்டும். காவு வாங்கின வண்டி, இருந்தால் இன்னொன்று கேட்கும் என்பார்கள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் கணக்கு நன்றாகத் தெரியும். வெள்ளியிலிருந்து பதினாறாம் நாள் சனிக்கிழமை.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். வண்டி மாட்டுக் கொட்டகையில் கோணிக்குக் கீழே நின்றது. டயர் புதிது. ஒன்பதாம் நாள் மெக்கானிக்கை அழைத்துப் போனேன். இரண்டாவது உதையிலேயே கிளம்பிற்று. முகத்தில் எதையும் காட்டாதே என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.

அவள் ஒரு விலை சொன்னாள். நியாயமான விலை.

"காவு வாங்கின வண்டிம்மா. ஊர்ல எவன் தொடுவான்?" என்றேன்.

"வண்டி இன்னா சார் பண்ணுச்சி? அது பாட்டுக்கு நின்னுனு இருந்திச்சி. நீங்கதான் அங்க இருந்தீங்களே."

"நான் இருந்தேம்மா. ஊர் வாய யாரு மூடறது?"

எழுந்து வந்துவிட்டேன். பள்ளி திறந்ததும், பஸ்ஸை நம்பி மூன்றாவது கோடு வாங்க வேண்டாமென்று, காய்ச்சல் என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். சனிக்கிழமை நெருங்க நெருங்க விலை இறங்கும் என்பது தெரிந்ததுதான். அவள் கொழுந்தன் வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்று கிளம்பியதாக மெக்கானிக் வந்து சொன்னான். பதினைந்தாம் நாள் வெள்ளிக்கிழமை மாலை போனேன்.

"பாதிக்கே எடுத்துக்கோங்க சார்" என்றாள். "ஒண்ணே ஒண்ணு. காலைல மேல போவசொல்ல என்னையும் பின்னாடி குந்தவெச்சினு போய்டுங்க. பஸ்ஸ நம்புனா ஒம்போதுக்குப் போவ முடியாது. அவுரு இல்லாத வூட்ல இந்த வேலதான் சார் மிச்சம்."

"சரிம்மா."

"நெஜமாத்தான சொல்றீங்க?"

"நான் தேதி போட்டு எழுதி வெக்கிற ஆளு. சொன்னா சொன்னதுதான்."

அதையும் அன்றே எழுதி வைத்தேன்.

ஒன்பது வேலை நாள் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். ஒருபக்கமாக உட்கார்ந்து, என்மேல் படாமல் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஏற்றத்தில் வண்டி திணறும்போது, "ரெண்டாவுது கியர் போடுவாரு அவுரு, இந்த எடத்துல" என்பாள். சரியாக இருக்கும். பத்தாம் நாள் ஆசிரியர் அறையில் தலைமையாசிரியர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"என்ன சார், வண்டிய மட்டும்தான் வாங்கினீங்கன்னு நெனச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலையே மெக்கானிக்கிடம் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டுப் புத்தகம் வைக்க ஒரு கேரியர் போடச் சொன்னேன்.

"அந்தம்மா எங்க சார் குந்தும்?"

"பஸ் இருக்குதில்ல."

அவன் ஸ்பேனரை ஓசையோடு கீழே போட்டான்.

மறுநாள் டீக்கடை முன்னால் சோற்றுத் தூக்கோடு நின்றவள் கேரியரைப் பார்த்தாள்.

"சீட்டு இன்னா ஆச்சி சார்?"

"ஸ்பிரிங் ஒடஞ்சிடுச்சி."

"எப்ப மாட்டுவீங்க?"

"பாக்கலாம்."

நான்கு காலை அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, மேலே போகும் ஏதோ ஒரு லாரியில் கெஞ்சி ஏறிப்போனாள். ஐந்தாம் காலை அவள் அங்கே இல்லை. விடிவதற்கு முன்பே கிளம்பி மூங்கில் காட்டுக் குறுக்குப் பாதையில் நடந்து ஏறுகிறாள் என்று தெரிந்தது. நல்ல ஏற்றம். ஆண்களே இரண்டு இடத்தில் உட்கார்ந்து போவார்கள்.

நான் ஒன்பது பத்துக்கெல்லாம் பள்ளியில் இருந்தேன். தலைமையாசிரியருக்கு மகிழ்ச்சி. "சீக்கிரம் வர்றீங்க, எழுத்தும் முத்து முத்தா இருக்கு" என்று தாமதப் பதிவேட்டையும் சிவப்பு மைப் பேனாவையும் என்னிடம் கொடுத்துவிட்டார். அவர் எழுதியது வெறும் கோடு. நான் நிமிடத்தையும் சேர்த்து எழுதினேன். மாசியில் ஒரு திங்கட்கிழமை அவள் ஒன்பது பதினேழுக்கு வந்தாள். அடுத்த வாரம் புதன்கிழமை, பாதையில் யானைச் சாணி கிடந்ததால் திரும்பிப் போய்ச் சுற்றி வந்ததாகச் சொன்னாள், ஒன்பது நாற்பது. அதற்கு இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை ஒன்பது பன்னிரண்டு. முட்டியில் ரத்தம், புடவை கிழிந்திருந்தது. நான் வந்து இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது, வண்டி இன்னும் சூடாக இருந்தது. ஒன்பது பன்னிரண்டை ஒன்பது மணி என்று எழுத முடியாதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

தலைமையாசிரியர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "நாளைலேர்ந்து வேணாம்மா" என்றார். அவள் மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து அன்றைய வகுப்பறைகளைப் பெருக்கி முடித்தாள். சாவிக்கொத்தை என் மேசைமேல் வைக்கும்போது கேட்டாள்.

"வண்டி நல்லா ஓடுதா சார்?"

"ஓடுது."

"நல்லாத்தான் ஓடும். அவுரு அப்பிடி வெச்சினு இருந்தாரு."

மாலை நான்கு நாற்பதுக்கு இறங்கினேன். ஆறாவது வளைவில் அவள் நடுச்சாலையில் நடந்துகொண்டிருந்தாள். கையில் தூக்கு, வலது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தாள். வேகத்தைக் குறைக்கவில்லை. ஹாரன் அடித்தேன். யார் வண்டி என்று அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்திருக்கும். திரும்பிப் பார்க்காமல் ஓரமாக ஒதுங்கி நின்று வழி விட்டாள்.