ஹெட்லைட்டுக்குள் நுழைந்த கை

இன்று மாலை எங்கள் ஆவடி அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், காரின் ஹெட்லைட் பல்பை நானே மாற்றப் போய் முழித்துக்கொண்டிருந்தேன். பேட்டரிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் என் கை நுழையவே இல்லை.

அந்த நேரம் பார்த்து வந்தார் மாடிவீட்டு கல்பனா மேடம். என் கார் பார்க்கிங்கின் மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்கிறது என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் போட்டோ போடுபவர்.

"தள்ளுங்க சார்."

வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கையை உள்ளே விட்டு ஒரே முயற்சியில் பல்பை மாட்டிவிட்டார்.

சுவிட்சைப் போட்டேன். எதிர்ச்சுவர் முழுக்க வெளிச்சம். மனதார நன்றி சொன்னேன்.

"நல்லா தெரியுதா சார்?"

"பளிச்சுன்னு தெரியுது மேடம்."

"அப்ப அந்த மஞ்சக் கோடும் தெரியுமே. வண்டியக் கொஞ்சம் உள்ள தள்ளி நிறுத்துங்க."

நிறுத்தினேன்.

இப்போது குழுவில் புதுப் போட்டோ வந்திருக்கிறது: கோட்டுக்குள் என் கார். முதல் லைக் நான்தான் போட்டேன்.