ஜூனிபரின் விலா

எழுதும்போதே எனக்குச் சந்தேகம் வருகிறது. ஆனாலும் இது நடந்தது. நான் விழித்திருந்தேன், குடித்திருக்கவில்லை, காய்ச்சலும் இல்லை.

ஒஹாயோவில் ஒரு மர ஆலைக்குப் பின்னால் ஓரறை வீட்டில் தனியாக இருக்கிறேன். பனிக்காலத்தில் கதவைத் தட்ட ஆள் கிடையாது. பழைய பிளாஸ்டிக் பொம்மைக் குதிரைகளை வாங்கி, தேய்த்து, புது வண்ணம் தீட்டுவேன். எல்லாமே அளவில் உண்மைக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு. இதற்கென்று கண்காட்சிகள் உண்டு, நடுவர்கள் உண்டு. இதுவரை ஒன்றைக்கூட அங்கே மேசையில் வைக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

எங்கள் பொம்மைக் குதிரைக் குழுவில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் நடீன். தன் குதிரை ஜூனிபரை அப்படியே பொம்மையில் கொண்டுவரச் சொன்னார். வெளிர்சாம்பல் உடம்பு, கரிய கால்கள். வாலுக்கு ஜூனிபரின் மயிரிலேயே ஒரு கற்றை வெட்டி அனுப்பினார். சனிக்கிழமை கண்காட்சி. வியாழன் மாலை தொலைபேசியில் வந்தார்.

"முடிஞ்சுதா, கோரா?"

"ஒரு கால் சரியா வரலை. இன்னொரு தடவை தேய்க்கணும்."

"எத்தனை தடவைடி தேய்ப்ப? பொம்மை எலும்பாயிடப் போகுது. இந்தத் தடவையும் பயந்து ஒளிச்சு வச்சே, நானே வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்."

சிரித்தேன்.

"இங்க டவுன்ல பனியில மாட்டிக்கிட்டேன். ஜூனிபர் லாயத்துல தனியா இருக்கா. ரோடு திறந்தாத்தான் போக முடியும்."

போனை வைத்துவிட்டார். நான் மேசைக்குத் திரும்பினேன்.

இடது பின்னங்காலில் கரிநிறப் பொடியைத் தடவினேன். தூரிகையைக் கழுவிவிட்டுத் திரும்பினால், முழங்காலுக்குக் கீழே வெள்ளை. மறுபடியும் தடவினேன். மறுபடியும் வெள்ளை. அடிப்பூச்சு சாம்பல் நிறம். வெள்ளை வர வழியே இல்லை.

ஈர வைக்கோல் வாசனை வந்தது. என் வீட்டில் வைக்கோல் இல்லை.

டொக்...

மேசை அதிர்ந்தது. மணி ஐந்து நாற்பது.

இந்தப் பொம்மைகளின் உள்ளே வெற்றிடம். சூட்டில் பிளாஸ்டிக் உப்பாமலிருக்க வயிற்றில் சிறு துளை போடுவோம். அந்தத் துளையிலிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக. ஈரமாக.

உள்ளே போனது...

வெளியே வந்தது...

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் அந்த மூச்சு திணறியது. வலியில் இருக்கும் மூச்சு. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கையை நீட்டினேன். காப்புத் தெளிப்பு அடித்து இறுக்காத பொடிவண்ணத்தை வெறும் கையால் தொடவே கூடாது. எங்களுக்கு அது முதல் பாடம். நான் கையுறை இல்லாமல், கரி படிந்த கட்டைவிரலை அதன் விலாவில் அழுத்தினேன்.

"இரு," என்றேன். "நான் இருக்கேன்."

மூச்சு மெதுவானது.

இடைவெளி நீண்டது...

நின்றது.

மறுநாள் மதியம் நடீன் அழைத்தார்.

"ஜூனிபர் போயிட்டா. வயித்துவலி, குடல் முறுக்கிக்கிச்சாம். டாக்டர் சொல்றாரு, நேத்து சாயங்காலமேன்னு."

மேசையிலிருந்த பொம்மையைத் திரும்பிப் பார்த்தேன்.

"பின்னங்கால்ல சின்னக் காயம் இருந்துச்சு, கட்டு போட்டிருந்தேன். அந்த வெள்ளைத் துணியெல்லாம் உதைச்சு உதைச்சுக் கிழிஞ்சு கிடக்கு. யாருமே இல்லாம செத்திருக்கா, கோரா. அதுதான் தாங்கல."

அவள் தனியாக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குமேல் எப்படிச் சொல்வது?

"ஒண்ணு கேக்கணும். விலாவுல ஒரு கறை. கரிப்பொடி மாதிரி. சாப்பாட்டுத் தட்டு அகலம், வளையத்துக்குள்ள வளையமா கோடு. தோல் நோயா இருக்கும்ங்கிறாரு டாக்டர். நேத்து காலையில நான் தேய்ச்சுவிட்டப்ப அது இல்ல. லாயம் பூட்டியிருந்துச்சு. பனியில ஒரு காலடிகூட இல்ல. படம் அனுப்புறேன், பாரு."

படம் வந்தது. பொம்மையின் விலாவுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமா, அது என்னன்னு?"

"தெரியல," என்றேன்.

கோட்டுக்குக் கோடு, என் கட்டைவிரல் ரேகை.